செக்ரோலில் பெயர் இல்லாத தோழர்கள்

நமது தோட்டங்களில் ஒரு பெரிய தொழிலாளர் கூட்டம் இருக்கிறது. விடியற்காலைப் பெரட்டுக்கு அது வருவதில்லை. செக்ரோலில் அதற்குப் பெயர் இல்லை. கிராணியார் அதற்குப் பேர் போட்டதில்லை. மண்டோர் அதை அதட்டியதில்லை. சம்பள நாளில் வரிசையில் நின்றதில்லை. பொங்கல், தீபாவளி என்று ஒருநாள் ஓய்வு கேட்டதுமில்லை. ஆயினும் நாம் பால் வெட்டும் நிரையிலும், குலை அறுக்கும் செம்பனைக் காட்டிலும், லயத்துக்குப் பின்னால் போட்டிருக்கும் கத்தரிப் பாத்தியிலும் அது இரவு பகலாக உழைத்துக்கொண்டே இருக்கிறது.

சிலந்தி, குளவி, பொறிவண்டு, கும்பிடு பூச்சி, முசுறு எறும்பு, தட்டான், சிற்றீக்கள் ஆகியவையே அந்தக் கூட்டம். பயிரைத் தின்னும் பூச்சியைத் தின்று வாழ்பவை இவை.

"சம்பளம், வீடு, வைத்தியம் என்று எழுத எவ்வளவோ இருக்க, சிலந்தியைப் பற்றித் தலையங்கம் எதற்கு?" என்று தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பதிலும் நேரானதுதான். இந்தக் கூட்டம் செய்யும் வேலையை நிர்வாகம் மதிக்காத இடத்தில் விஷம் வருகிறது. விஷம் வந்தால் அதை முதுகில் சுமப்பவர் துரை அல்ல. நம் வீட்டுப் பெண்கள். சிலந்தியின் உயிருக்கும் நம் சகோதரியின் நுரையீரலுக்கும் உள்ள தொடர்பை விளக்கவே இதை எழுதுகிறோம்.

அதற்கும் முன்னால் ஒரு சொல்லைப் பற்றிப் பேச வேண்டும். விஷத்துக்கு நாம் "மருந்து" என்று பெயர் வைத்திருக்கிறோம். பூச்சி மருந்து, புல் மருந்து, மருந்தடி வேலை என்கிறோம். நோயைத் தீர்ப்பது மருந்து. உயிரைக் கொல்வதற்கு நம் மொழியில் நஞ்சு என்று தெளிவான சொல் இருக்கிறது. பெயரை மாற்றினால் பயமும் போய்விடுகிறது. பயம் போனால் கையுறை எதற்கு, முகமூடி எதற்கு என்ற அலட்சியம் பிறக்கிறது. இந்தப் பத்தியில் நஞ்சை நஞ்சு என்றே சொல்வோம்.

நம் தோழர்களான பூச்சிகளில் இரண்டு வகை உண்டு. ஒரு வகை நேராகப் பிடித்துத் தின்னும். சிலந்தி, கும்பிடு பூச்சி, பொறிவண்டு ஆகியவை அவ்வகை. பொறிவண்டின் குஞ்சு பார்க்க அழகாயிராது. கறுத்து, நீண்டு, முள்முள்ளாய் இலைமேல் ஊரும். அதுதான் கத்தரியையும் பயிற்றங்கொடியையும் உறிஞ்சும் அசுவினியை வாரி விழுங்குவது. பகைவன் என்று எண்ணி அதை நசுக்கிவிட்டுத் தாயாகிய பொறிவண்டைக் குழந்தைகளுக்கு விளையாடக் கொடுக்கிறோம்! மற்றொரு வகை தந்திரசாலி. சிறு குளவியும் சில ஈக்களும் புழுவின் உடலுக்குள்ளோ அதன் தோல் மீதோ முட்டையிடும். பொரிந்து வரும் குஞ்சு புழுவை உள்ளிருந்தே தின்று தீர்க்கும். ஒரு புழுவுக்கு ஒரு குளவி போதும்.

முசுறைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியதில்லை. மலாய்க்காரர் "கெரங்கா" என்பர். இலைகளை இழுத்துத் தைத்துக் கூடு கட்டும் செவ்வெறும்பு. கழுத்துக்குள் விழுந்து கடித்தால் வானம் பூமி தெரியாது. ஆனால் தென்சீனத்தின் ஆரஞ்சுத் தோட்டக்காரர்கள் இதன் கூட்டைச் சந்தையில் விலைகொடுத்து வாங்கி மரத்தில் தொங்கவிட்டார்கள் என்று கி.பி. 304-ஆம் ஆண்டைச் சேர்ந்ததாகக் கூறப்படும் சீன நூலொன்று சொல்கிறது. பழத்தைக் கெடுக்கும் பூச்சிகளை இவ்வெறும்பு அண்டவிடாது. ஆயிரத்தெழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே பூச்சிக்கு எதிராகப் பூச்சியை வேலைக்கு வைத்தவர்கள் படிப்பில்லாத உழவர்கள். இதை மறந்துவிடலாகாது.

இனி நமது பால்மரத்தின் கதைக்கு வருவோம். 1877-ஆம் ஆண்டில் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்கு 22 ரப்பர்க் கன்றுகள் வந்து சேர்ந்தன. பிரேசில் காட்டில் பொறுக்கிய விதை இலண்டன் நகரின் கியூ பூங்காவில் முளைத்து, கடல் கடந்து இங்கே வந்தது. 1888-இல் சிங்கப்பூர்ப் பூங்காவின் பொறுப்பை ஏற்ற ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பட்டையைச் சீவிச் சீவிப் பால் எடுக்கும் முறையைக் கண்டார். நம் கையிலுள்ள பால்கத்தியின் வரலாறு அங்கேதான் தொடங்குகிறது. அந்தக் கன்றுகளின் வழியில்தான் நம் பாட்டன்மாரும் கப்பலேறினார்கள்.

ஆனால் ஒன்று மட்டும் கப்பலேறவில்லை. ரப்பர் இலையைக் கருக்கி உதிர்க்கும் காளான் நோய் தென்னமெரிக்காவிலேயே நின்றுவிட்டது. கார் முதலாளி ஹென்றி போர்டு 1928-இல் பிரேசிலில் போர்டுலாந்தியா என்ற மாபெரும் ரப்பர்த் தோட்டத்தைத் தொடங்கினார். பணத்துக்குக் குறைவில்லை, மரத்தின் தாய்நாடும் அதுவே. ஆயினும் அந்தக் காளான் தோட்டத்தைத் தின்றது. 1945-இல் அவர் குடும்பம் எல்லாவற்றையும் பிரேசில் அரசாங்கத்திடமே விற்றுவிட்டு வெளியேறியது. நம் மரம் இங்கே செழித்ததன் ஒரு பெரிய இரகசியம் இதுதான்: அது தன் பகைவனை ஊரில் விட்டுவிட்டு வந்தது.

இதே விதி பயிரைத் தின்னும் பூச்சிக்கும் பொருந்தும். பூச்சி தன் பகைவனை விட்டுவிட்டுப் புது நாட்டுக்குள் நுழைந்தால் கேட்பாரற்றுப் பெருகும். அப்போது என்ன செய்வது? விட்டுவந்த பகைவனையும் தேடிக் கொண்டுவர வேண்டியதுதான்.

அப்படிச் செய்த கதை ஒன்று நம் பக்கத்திலேயே இருக்கிறது. பிஜித் தீவில் ஊதா நிறமுள்ள ஒரு சிறு அந்து தென்னை மரங்களை மொட்டையடித்து வந்தது. கொப்பரையே அந்நாட்டு மக்கள் பலருக்குச் சோறு. அங்கே கரும்புக் காட்டில் உழைக்க 1903 முதல் சென்னைத் துறைமுகம் வழியாக ஏற்றிச் செல்லப்பட்ட தமிழரும் வாழ்ந்தார்கள். 1925-இல் டெய்லர் என்ற பூச்சியியல் அறிஞர் பகைவனைத் தேடிப் புறப்பட்டு மலாயாவுக்கு வந்தார். பேராக் மாநிலத்துப் பத்து காஜாவில் தென்னையைத் தின்னும் வேறொரு புழுவையும், அதன்மேல் முட்டையிடும் ஈ ஒன்றையும் கண்டார். புழுவோடு கூடிய தென்னங்கன்றுகளைக் கூண்டுகளில் வைத்துக் கப்பலேற்றினார். பிஜியை உயிரோடு அடைந்த ஈக்கள் 300-க்குச் சற்று மேல். அவற்றைப் பெருக்கி ஆயிரமாயிரமாகப் பறக்கவிட்டார்கள். இரண்டே ஆண்டுகளில் அந்தின் கொட்டம் அடங்கியது. பத்து காஜாவிலிருந்து கடல் கடந்து போன கூலிக்காரர்களில் இந்த ஈக்கும் ஓர் இடம் உண்டு!

இது பழங்கதை என்று எண்ண வேண்டாம். மரவள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். ஜப்பான்காரன் காலத்தில் சிங்கப்பூரிலும் மலாயாவிலும் அரிசியில்லாமல் நம்மவரைக் காப்பாற்றிய கிழங்கு அது. தென்னமெரிக்க மாவுப்பூச்சி ஒன்று 1970-களில் ஆப்பிரிக்காவுக்குள் புகுந்து மரவள்ளியைச் சூறையாடிற்று. சுவிட்சர்லாந்து விஞ்ஞானி ஹான்ஸ் ஹெர்ரன் தலைமையில் அதன் பகைவனைத் தேடினார்கள். 1981-இல் பராகுவே நாட்டில் ஒரு குட்டிக் குளவி அகப்பட்டது. கடுகளவுகூட இல்லாத அந்தக் குளவி ஆப்பிரிக்காவின் பஞ்சத்தைத் தடுத்தது. 1995-இல் ஹெர்ரனுக்கு உலக உணவுப் பரிசு கொடுத்தார்கள். அதே மாவுப்பூச்சி 2020-இல் கேரளத்தில் தென்பட்டது. பிறகு சேலம், நாமக்கல் மரவள்ளிக் காடுகளில் பரவி, ஜவ்வரிசித் தொழிலையே நடுங்க வைத்தது. பெங்களூரிலுள்ள இந்திய அரசின் பூச்சி ஆராய்ச்சி நிலையத்தார் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து அதே குளவியைத் தருவித்தார்கள். 2022 மார்ச் மாதம் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் அதைப் பறக்கவிட்டார்கள். நம் பாட்டன்மார் பலர் மூட்டை கட்டிப் புறப்பட்ட அதே சேலம் சீமையில், இன்று ஒரு குளவி கூலியில்லாமல் வேலை செய்கிறது.

இப்படி உதவும் தோழர்களை நமது தோட்டங்கள் எப்படி நடத்தின?

இரண்டாம் உலகப் போருக்குப் பின் டி.டி.டி., டையெல்ட்ரின், எண்டிரின் என்று புதுப்புது நஞ்சுகள் வந்தன. 1950-களின் பிற்பகுதியில் மலாயாவின் செம்பனைத் தோட்டங்களில் சில்லறைப் பூச்சிகளைக் கொல்ல அவற்றைத் தாராளமாகத் தெளித்தார்கள். விளைவு என்ன? அதுவரை யாரும் பெரிதாக எண்ணாத பைப்புழு மரத்துக்கு மரம் தொங்கி, ஓலையைச் சல்லடையாக்கியது. இதை ஆராய்ந்தவர் பி. ஜே. வூட் என்ற அறிஞர்; மலேசியச் செம்பனைப் பூச்சிகளைப் பற்றி 1968-இல் நூல் எழுதியவர். பைப்புழு பெருகக் காரணம் நஞ்சே என்று அவர் எடுத்துக்காட்டினார். கண்மூடித்தனமான தெளிப்பை நிறுத்திய இடங்களில் பழைய காவலர்கள் திரும்பி வந்தார்கள், புழுவும் அடங்கியது. அதே காலத்தில் வட போர்னியோவின் கொக்கோத் தோட்டங்களிலும் இதே கூத்து நடந்தது. 1961-இல் அங்கே பணிக்கு வந்த கார்டன் கான்வே என்ற இளம் அறிஞர், "தெளிப்பை நிறுத்துங்கள்" என்றார். பூச்சி மலிந்த நேரத்தில் தெளிப்பை நிறுத்தச் சொல்வதற்குத் தைரியம் வேண்டும். நிறுத்தினார்கள், ஒட்டுண்ணிக் குளவிகள் திரும்பின, பூச்சிகள் ஒவ்வொன்றாகக் கட்டுக்குள் வந்தன. அடங்காத ஒன்றிரண்டுக்கு மட்டும் தனி வழி தேடினார்கள்.

நஞ்சு தெளித்தால் புழு பெருகுவது எப்படி? கணக்கு எளிது. பைப்புழு தன்னைச் சுற்றிப் பை கட்டிக்கொண்டு உள்ளே பதுங்கியிருக்கும். அதைத் தேடும் குளவி வெட்டவெளியில் பறக்கும், இலைமேல் நடக்கும், ஒட்டியிருக்கும் நஞ்சைக் காலால் தொடும். முதலில் சாவது காவலன். தப்பிப் பிழைத்த திருடன் நூற்றுக்கணக்கில் முட்டையிடுவான். காவலன் மறுபடி பெருகவோ காலம் பிடிக்கும். அதற்குள் அடுத்த தெளிப்புக்கு உத்தரவு வந்துவிடும். திருடனைப் பிடிக்கிறேன் என்று ஊர்க்காவலரை எல்லாம் சுட்டுத் தள்ளிய கதைதான் இது.

நெல் வயலிலும் இதுவே நடந்தது. இந்தோனேசியாவில் புகையான் பூச்சி பயிரை எரித்தபோது, நஞ்சு தெளிக்கத் தெளிக்க அது கூடியது. வயலில் அதைப் பிடித்துத் தின்று வந்த ஓநாய்ச் சிலந்தி முதலியவற்றை நஞ்சு கொன்றுவிட்டதே காரணம் என்று விஞ்ஞானிகள் காட்டினார்கள். 1986-இல் அந்நாட்டு அரசாங்கம் நெல்லுக்கு 57 வகை நஞ்சுகளைத் தடை செய்தது. நஞ்சு வாங்கக் கொடுத்த மானியத்தையும் சில ஆண்டுகளில் நிறுத்தியது. நெல் விளைச்சல் விழவில்லை. சிலந்திக்கு அரசாங்கமே பாதுகாப்புக் கொடுத்தது என்று சொன்னாலும் தகும்.

இனி மனிதருக்கு வருவோம். ரப்பர்த் தோட்டத்தில் பூச்சித் தொல்லை குறைவு. புல் தொல்லையே அதிகம். ஒரு காலத்தில் லாலானுக்கும் களைக்கும் சோடியம் ஆர்சனைட் என்ற பாஷாணத்தைத் தெளித்தார்கள். புல் தின்ற மாடுகள் மாண்டன. 1960-களில் அதன் இடத்துக்குப் பராகுவாட் வந்தது. ஒரு வாய் விழுங்கினாலும் உயிர் போகக்கூடிய நஞ்சு அது. முறிவு மருந்து கிடையாது. அதைச் சுமந்து தெளித்தவர்களில் நம் பெண்கள் ஏராளம். நகம் கழன்றது, மூக்கில் இரத்தம் வந்தது, கண் எரிந்தது என்று அவர்கள் சொன்னதைப் பலகாலம் யாரும் காதில் வாங்கவில்லை. மலேசியா அதற்கு 2002-இல் தடை அறிவித்தது, 2006-இல் தளர்த்தியது, முடிவாக 2020 ஜனவரி முதல் நாளில்தான் முழுத் தடை நடைமுறைக்கு வந்தது. 2002-க்கும் 2020-க்கும் இடையில் 18 ஆண்டுகள். அந்த 18 ஆண்டு யாருடைய முதுகில் கழிந்தது என்று நாம் கேட்க வேண்டாமா?

புல் நஞ்சுக்கும் பூச்சித் தோழர்களுக்கும் தொடர்பு உண்டு. பைப்புழுவைக் கொல்லும் குளவிக்குப் பசி தீரப் பூந்தேன் வேண்டும். பாதையோரத்துச் சிறு பூக்களே அதன் சோற்றுக்கடை. பூண்டு புல் ஒன்றுமில்லாமல் கருக்கிவிட்டால் குளவி பட்டினி. அதனால்தான் இன்று பல செம்பனைத் தோட்டங்கள் பாதை நெடுகக் கொடி ரோஜாவையும், மலாய்க்காரர் "எட்டு மணிப் பூ" என்று சொல்லும் செடியையும் நட்டு வைக்கின்றன. பூ அழகுக்காக அல்ல, காவலனுக்குச் சாப்பாடு.

சிங்கப்பூர்த் தோழர்கள் "எங்கள் ஊரில் தோட்டமே இல்லையே" என்று இருந்துவிட முடியாது. செம்பவாங், நீசூன் பக்கத்துப் பால்மரங்கள் போய் அடுக்குமாடிகள் வந்துவிட்டன. ஆனால் இந்நகரம் தின்னும் உணவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெளியிலிருந்து வருகிறது. ஞாயிற்றுக்கிழமை தேக்காச் சந்தையில் நின்று பாருங்கள். முட்டைக்கோசின் மேலிலையில் ஒரு சிறு ஓட்டை கண்டால் போதும். "நல்லதா எடுங்கண்ணே" என்று தள்ளிவிடுகிறோம். அந்த ஓட்டை போட்ட புழுவின் தாய் வைரமுதுகு அந்து. டி.டி.டி.க்கே தலைவணங்காத பூச்சி அது. ஜாவாவில் அது அந்த நஞ்சை வென்றுவிட்டதை 1953-லேயே எழுதிவிட்டார்கள். கேமரன் மலையில் 1970-களில் அதற்குப் பகைக் குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். தெளிப்பு ஓயாதவரை குளவியால் தலையெடுக்க முடியவில்லை. தெளிப்புக் குறைந்த இடத்தில்தான் அது வேலையைக் காட்டியது. ஆகவே ஓட்டையில்லாத இலைதான் வேண்டும் என்று நாம் பிடிவாதம் பிடித்தால், மலைமேல் ஒரு தொழிலாளி கூடுதலாக ஒருமுறை நஞ்சு சுமக்கிறான். மனிதன் தின்னுமுன் ஒரு புழு தின்று பார்த்த இலையை வாங்கியதால் யாரும் கெட்டதில்லை.

அதே தேக்காவில் ஞாயிறு மாலை கூடும் வெளிநாட்டுத் தொழிலாளரையும் எண்ணிப் பாருங்கள். அடுக்குமாடிகளின் அடியில் கொசுவுக்குப் புகையடிக்கும் இயந்திரத்தைத் தோளில் மாட்டிச் செல்பவர்களில் நம்மவரும் உண்டு. அந்தப் புகை கொசுவோடு சிலந்தியையும் தட்டானையும் சேர்த்தே தாக்குகிறது. தேங்கிய தண்ணீரைக் கொட்டுவது எல்லாருக்கும் நல்லது.

நேர்மையாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். பூச்சித் தோழர்கள் மந்திரவாதிகள் அல்லர். முசுறு சில புழுவை விரட்டும். அதே முசுறு இனிப்புக்காக மாவுப்பூச்சியை வளர்க்கவும் செய்யும். பிஜியின் ஊதா அந்து 1956-க்குப் பின் கண்ணில் படவேயில்லை. ஓர் உயிரினமே அற்றுப்போயிற்றோ என்ற வழக்கு விஞ்ஞானிகளிடையே இன்னும் தீரவில்லை. ஆகவே வெளிநாட்டுப் பூச்சியைக் கொண்டுவருவது சோதனைகளுக்குப் பிறகு அரசாங்கம் செய்ய வேண்டிய காரியம். நாம் செய்ய வேண்டியது அதைவிட எளிது: இருக்கும் காவலரைக் கொல்லாதிருப்பது.

"மருந்தடி நின்றால் எங்கள் நாட்சம்பளம் என்னாவது?" என்று சில தோழர்கள் அஞ்சலாம். இந்த அச்சத்தை நாம் அலட்சியப்படுத்தவில்லை. ஓலை ஓலையாகப் புழுவை எண்ணுவது வேலை. பையைப் பொறுக்குவது வேலை. பூச்செடி நடுவது வேலை. கத்தியால் களை வெட்டுவது வேலை. நஞ்சு சுமந்தால்தான் கூலி என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. குறைய வேண்டியது நஞ்சு. தொழிலாளியின் வருமானம் அல்ல.

எனவே நாம் கேட்பவை இவை.

முதலாவது, எண்ணாமல் தெளிக்கலாகாது. புழு எத்தனை, அதில் குளவி துளைத்தது எத்தனை என்று கணக்கெடுத்த பிறகே தெளிப்பு உத்தரவு பிறக்க வேண்டும். இங்கே கிராணிமார்களின் உதவி பெரிது. பால் எடையும் ஆள் கணக்கும் எழுதும் அதே பேனாவால் இந்தக் கணக்கையும் எழுதி வைத்தால், நாளை பேச்சுவார்த்தை மேசையில் அது நமக்குச் சாட்சியாகும்.

இரண்டாவது, தெளித்தே தீர வேண்டுமென்றால், புழுவை மட்டும் தாக்கிக் காவலரை விடும் வகையைத் தேட வேண்டும். புழுவுக்கு மட்டும் நோயூட்டும் நுண்கிருமிக் கரைசல் இன்று செம்பனைக் காட்டில் புழக்கத்தில் இருக்கிறது.

மூன்றாவது, தெளிப்பவருக்கு அவர் மொழியில் நஞ்சின் பெயரும் ஆபத்தும் சொல்லப்பட வேண்டும். உடுப்பு, கையுறை, குளிக்கத் தண்ணீர், மருத்துவச் சோதனை ஆகியவை தோட்டத்தின் செலவு. கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் பம்பைத் தொடக்கூடாது.

நான்காவது, எண்ணும் வேலையைக் கற்றுக்கொடுக்கும் நாளுக்கும் முழுச் சம்பளம் வேண்டும்.

ஐந்தாவது கோரிக்கை நமக்கு நாமே வைப்பது. லயத்துப் பாத்தியில் அசுவினியைக் கண்டவுடன் ஸ்டோரிலிருந்து போத்தலில் ஊற்றிக் கொண்டுவரும் பழக்கத்தை விட்டுவிடுவோம். குழந்தைகள் நடமாடும் வாசலில் அந்தப் போத்தல் இருக்கலாகாது. நாலு நாள் பொறுத்தால் பொறிவண்டு வரும்.

தோழர்களே! பேசத் தெரியாத உழைப்பாளியின் உழைப்பை மறைப்பது முதலாளிமாருக்குப் புதிதல்ல. ஒரு காலத்தில் நம் பாட்டன்மாரின் உழைப்பையும் அப்படித்தான் மறைத்தார்கள். சங்கம் கண்ட பிறகே நம் பெயர் மதிப்போடு ஏட்டில் ஏறியது. சிலந்திக்குச் சங்கம் இல்லை. குளவிக்குச் செயலாளர் இல்லை. அவற்றுக்காகப் பேசும்போது, பம்பு சுமக்கும் நம் சகோதரிக்காகவும் சேர்த்தே பேசுகிறோம்.

நாளைக் காலை நிரையில் முகத்தில் வலை ஒட்டினால் சலித்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்கு முன்பே பெரட்டு முடித்து வேலைக்கு வந்துவிட்ட ஒரு தோழர் அங்கே இருக்கிறார் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.